ஃபியூஸுக்குப் பதில் செம்புக் கம்பி: சொந்தக் கையால் வண்டியை மாற்றும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன ஞாயிற்றுக்கிழமை பக்கத்துத் தெருப் பையன் வண்டியோடு வந்து நின்றான். ஒகேனக்கல் போய்விட்டுத் திரும்பும்போது இண்டூர் பக்கத்தில் லைட், ஹார்ன், இன்ஜின் எல்லாம் ஒரே நேரத்தில் போய்விட்டதாம். பின்னால் வந்த நண்பன் காலை வைத்துத் தள்ளியே தர்மபுரி வரை கொண்டுவந்து சேர்த்திருக்கிறான். சைடு கவரைக் கழற்றினேன். ஃபியூஸ் இருக்க வேண்டிய இடத்தில் சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாள், பாதி கருகிப்போய்.

"யார்டா இதை வெச்சது?"

"நான்தாண்ணா. ஃபியூஸ் அடிக்கடி போயிட்டே இருந்துச்சு, அதான்."

2011-இல் நானும் இதே தவறைத்தான் செய்தேன். அதனால்தான் எழுதுகிறேன். போல்ட்டை இறுக்கு, இன்ஜின் சூட்டில் கை வைக்காதே என்பதையெல்லாம் யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை, விட்டுவிடுகிறேன்.

ஃபியூஸை ஏமாற்றுவது

அப்போது என்னிடம் இருந்தது பழைய 150 சிசி வண்டி. சேலத்தில் பழைய சாமான் கடையில் இரண்டு ஹாலோஜன் ஃபாக் லைட் முந்நூறு ரூபாய்க்குக் கிடைத்தது, ஒவ்வொன்றும் 55 வாட். ஹெட்லைட்டுக்குப் போகும் வயரைச் சுரண்டி, அதிலேயே முறுக்கிவிட்டு, மேலே டேப் சுற்றினேன். அரை மணி நேர வேலை. அன்றைக்கு ராத்திரி தெரு முழுக்க வெளிச்சம்.

மூன்றாம் நாள் ஃபியூஸ் போனது. வேறு போட்டேன், அதுவும் போனது. சிவப்பு 10 ஆம்பியருக்குப் பதில் நீல 15 ஆம்பியர் போடு என்று ஒருவர் சொன்னார், போட்டேன். ஒரு வாரம் தாங்கியது. பிரேக் பிடித்துக்கொண்டே ஹார்ன் அடித்த ஒரு சாயங்காலம் அதுவும் போயிற்று. கடைக்குப் போகச் சோம்பல். ஒரு வயரை உரித்து, செம்பு இழை நாலைத் திரித்து அந்த இடத்தில் சொருகிவிட்டேன். அதற்கப்புறம் எதுவும் போகவில்லை. பிரச்சினை தீர்ந்தது என்று நம்பினேன்.

அடுத்த வாரம் ராத்திரி சேலத்துக்குக் கிளம்பினேன். தொப்பூர் கணவாய் இறக்கத்தில் ஏதோ கருகும் வாசனை வந்தது. லாரிகளின் பிரேக் தீயும் வாசனை அங்கே எப்போதும் இருக்கும் என்பதால் நான் கண்டுகொள்ளவில்லை. அடுத்த வளைவில் எல்லாம் ஒன்றாக அணைந்தது. முன்னால் இருட்டு. பின்னால் லாரி இறங்கி வரும் சத்தம், அவனுக்குக் காட்ட என்னிடம் டெயில் லைட்கூட இல்லை. இடது ஓரம் ஒதுங்கி நிறுத்தினால் டேங்க்குக்கு அடியிலிருந்து புகை. மேலே ஏழு லிட்டர் பெட்ரோல். சீட்டைத் திறந்து பேட்டரி வயரைப் பிடுங்கி எறிந்த அந்தச் சில நொடிகளை இன்றைக்கு நினைத்தாலும் வயிற்றைக் கலக்குகிறது.

வயரிங் கிட், சாவி சுவிட்ச், ரெக்டிஃபையர், கூலி எல்லாம் சேர்த்து 4,600 ரூபாய் ஆயிற்று. ஃபியூஸின் விலை ஐந்து ரூபாய்.

கணக்கு எளிதுதான். வாட்டை வோல்ட்டால் வகுத்தால் ஆம்பியர். இரண்டு 55 வாட் என்றால் 110, அதைப் பன்னிரண்டால் வகுத்தால் 9 ஆம்பியருக்கு மேல். ஏற்கெனவே இருக்கிற 35 வாட் ஹெட்லைட் 3 ஆம்பியர் எடுக்கும். பிரேக் லைட்டும் ஹார்னும் தனி. அத்தனையும் 10 ஆம்பியர் ஃபியூஸ் வழியாக, ஒரு ஹெட்லைட்டுக்கென்று போட்ட மெல்லிய வயர் வழியாகப் போக வேண்டும் என்று நான் கேட்டேன். முடியாது என்று ஃபியூஸ் மூன்று தடவை சொன்னது. அதன் வாயை அடைத்ததும் வயரே ஃபியூஸ் ஆகிவிட்டது. ஃபியூஸ் போகிறது என்றால் அது கெட்டுப்போய்விட்டது என்று பொருளில்லை, தன் வேலையைச் செய்கிறது. ஏன் போகிறது என்று தேடாமல் பெரியது போடுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு இன்றும் கோபம் வருகிறது.

சரியான வழி இது. பேட்டரி பாசிட்டிவிலிருந்து தனி வயர். பேட்டரியை விட்டு ஒரு சாண் தூரத்துக்குள்ளேயே ஃபியூஸ் ஹோல்டர். அங்கிருந்து ரிலேயில் (சின்ன மின்சாரத்தால் பெரிய மின்சாரத்தைப் போட்டு அணைக்கும் சுவிட்ச்) 30 என்று எண் போட்ட காலுக்கு. 87-இலிருந்து லைட்டுக்கு. 86 சுவிட்ச் வழியாக, சாவி போட்டால் மட்டும் மின்சாரம் வரும் வயருக்கு. 85 எர்த்துக்கு. லைட்டுக்கான மின்சாரம் ரிலே வழியாக நேராகப் போய்விடும், கைப்பிடி சுவிட்சுக்குச் சுமையே இல்லை.

எல்.இ.டி. தானே, ரிலே எதற்கு என்று கேட்பார்கள். 20 வாட் இரண்டு என்றால் மூன்றரை ஆம்பியருக்கும் குறைவு, ரிலே இல்லாமலும் நல்ல சுவிட்ச் தாங்கலாம். ஆனால் ஃபியூஸ் இல்லாமல் கூடாது. 5 ஆம்பியர் போடுங்கள். வயர் எங்காவது உரசி பாடியில் பட்டால் எல்.இ.டி., ஹாலோஜன் என்ற வித்தியாசமெல்லாம் கிடையாது.

ஜாயின்ட்டை ஹேண்டில் கழுத்துப் பக்கம் வைக்காதீர்கள், திருப்பும்போதெல்லாம் வளைந்து வளைந்து அங்கேதான் அறுகிறது. வெறும் டேப்பும் போதாது. நம் ஊர் சித்திரை வெயிலில் பசை இளகி, டேப் தானே பிரிந்து தொங்கும். சால்டர் வைத்து, சூட்டில் சுருங்கும் ட்யூபைப் போடுங்கள். வேலை முடிந்ததும் லைட்டைப் போட்டுவிட்டு ஹேண்டிலை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் திருப்புங்கள். ஒரு தடவை மினுக்கினாலும் பிரித்துப் பாருங்கள்.

பையனின் வண்டியில் நல்லவேளையாக ஒரு முழ நீளத்துக்குத்தான் வயர் உருகியிருந்தது.

கோன் ஃபில்டர்

கம்பெனி ஏர் ஃபில்டர் பெட்டியைக் கழற்றிவிட்டு இந்தக் கூம்பு வடிவ ஃபில்டரை மாட்டினால், இன்ஜின் வெளிக்காற்றை அப்படியே குடிக்கிறது. கிருஷ்ணகிரிப் பக்கம் கிரானைட் லாரிக்குப் பின்னால் பத்து நிமிஷம் ஓட்டிவிட்டுச் சட்டைக் காலரைப் பாருங்கள். அந்தத் தூள்தான் மலிவான கோன் ஃபில்டர் வழியாக உள்ளே போய், பிஸ்டன் ரிங்கைத் தேய்க்கும். நாளடைவில் நீலப் புகை. கார்புரேட்டர் வண்டியில் இன்னொரு தொல்லையும் உண்டு: காற்று கூடும், ஜெட்டை (பெட்ரோல் எவ்வளவு போக வேண்டும் என்று தீர்மானிக்கும் சின்னத் துளை) மாற்றாவிட்டால் பெட்ரோல் அதற்கேற்ப அதிகமாகாது, இன்ஜின் சூடேறும். பிளக்கைக் கழற்றினால் முனை வெளுத்திருக்கும். கம்பெனி பெட்டியையே வைத்துக்கொண்டு ஃபில்டரை மட்டும் அடிக்கடி மாற்றுங்கள்.

சைலன்சரில் ஓட்டை

வேண்டாம். சத்தம்தான் கூடும். பிடிபட்டால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 182ஏ பிரிவில் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் போகும்.

டேங்க்குக்கு ஸ்பிரே பெயின்ட்

பார்க்க அழகாகத்தான் வரும். முதல் தடவை பங்க்கில் பெட்ரோல் வழிந்து மூடியைச் சுற்றிப் பட்டதும் பெயின்ட் சுருங்கி எழும்பிவிடும். சாதாரண கேனில் வரும் கிளியர், அதாவது பெயின்ட்டுக்கு மேலே அடிக்கும் நிறமில்லாத பூச்சு, பெட்ரோலைத் தாங்காது. ஹார்டனர் கலந்து அடிக்கும் 2கே கிளியர்தான் தாங்கும். அதை மாஸ்க் போட்டுத் திறந்த வெளியில் அடியுங்கள், மூச்சுக்கு ரொம்பக் கெடுதல். வேறு நிறம் என்றால் முதலில் ஆர்.டி.ஓ. ஆபீஸில் கேளுங்கள், ஆர்.சி.யில் நிறமும் இருக்கிறது.

அகல டயர்

உங்கள் ரிம்முக்குப் பொருந்தும் அளவைவிட அகலமாகப் போடாதீர்கள்.

உயரமான ஹேண்டில்பார்

ஹேண்டில் மாறினால் கேபிள் நீளம் போதாமல் போகும். நேராக ஓட்டும்போது தெரியாது. வத்தல்மலை ஏறும்போது கொண்டை ஊசி வளைவில் முழுசாகத் திருப்புவீர்கள், ஆக்ஸிலரேட்டர் கேபிள் இழுபட்டு வண்டி தானாகப் பாயும். என் நண்பனின் வண்டி அப்படித்தான் பாய்ந்து தடுப்புச் சுவரில் முட்டியது, மணிக்கட்டு முறிந்தது. மாட்டி முடித்ததும் நடு ஸ்டாண்டு போட்டு, நியூட்ரலில் இன்ஜினை ஓடவிட்டு ஹேண்டிலை இரண்டு பக்கமும் கடைசி வரை திருப்புங்கள். இன்ஜின் சத்தம் கொஞ்சம் ஏறினாலும் அன்றைக்கு வண்டியை வெளியே எடுக்க வேண்டாம், நீளமான கேபிள் வாங்கி மாட்டிவிட்டு எடுங்கள்.