ஆங்கிலப் பாட்டுக்குப் பொருள் சொல்லும்போது சறுக்கும் இடங்கள்

பழைய ஆங்கிலப் பாடல்களுக்குத் தமிழில் விளக்கம் எழுத இப்போது நிறையப் பேர் வருகிறார்கள். நல்ல விஷயம்தான். ஆனால் முன்னால் எழுதியவர்கள் எந்தப் பள்ளத்தில் விழுந்து எழுந்தார்களோ, அதே பள்ளத்தில்தான் புதியவர்களும் கால் வைக்கிறார்கள். வரியைத் தப்பாகக் கேட்பது, அகராதி பார்க்காமல் விடுவது எல்லாம் இங்கே வேண்டாம். யாராவது ஒருவர் சுட்டிக்காட்ட, அது சரியாகிவிடும். யாரும் சுட்டிக்காட்டாமல் காலத்துக்கும் நிற்பவை வேறு.

யார் கூற்று என்று கேட்காமல் தொடங்குவது

குறுந்தொகையைப் பள்ளிப் பாடமாகப் படித்தவருக்குக்கூட 'தலைவி கூற்று', 'தோழி கூற்று' என்ற குறிப்பு நினைவிருக்கும். சினிமாப் பாட்டு என்றால் எழுதியவர் ஒருவர், பாடியவர் இன்னொருவர், திரையில் வாயசைப்பவர் மூன்றாமவர் என்பதும் தெரியும். இவ்வளவு பழக்கம் இருந்தும், ஆங்கில பாப் பாடலில் 'நான்' என்று வந்துவிட்டால் போதும், அது பாடகரேதான் என்று முடிவுகட்டிவிடுகிறார்கள்.

'தி போலீஸ்' என்ற இசைக்குழுவின் 'எவ்ரி பிரெத் யூ டேக்' 1983-இல் வந்தது. அமெரிக்காவில் எட்டு வாரம் முதலிடத்தில் இருந்தது. நீ விடும் மூச்சு ஒவ்வொன்றையும், எடுத்துவைக்கும் அடி ஒவ்வொன்றையும் பார்த்துக்கொண்டே இருப்பேன் என்கிறான் ஒருவன். மெட்டு மென்மையாக இருப்பதால் கல்யாண வீடுகளில் போடுகிறார்கள். எழுதிய ஸ்டிங், இது பொறாமையும் கண்காணிப்பும் பற்றிய பாட்டு என்று பலமுறை சொல்லியிருக்கிறார். அவர் சொல்லாவிட்டாலும் ஒரு சோதனை போதும். கேட்கும் பெண்ணின் இடத்தில் உட்கார்ந்து கேளுங்கள். விட்டு விலகிய பிறகும் தினமும் இரவு பதினோரு மணிக்கு வந்து விழும் மெசேஜ் மாதிரி இருக்கும்.

எழுத உட்காரும் முன் தாளின் மேலே மூன்று வரி குறித்துக்கொள்ளுங்கள்: பேசுவது யார், யாரிடம், எந்தக் காலத்தில். மூன்றில் ஒன்றுக்குப் பாட்டிலேயே விடை இல்லை என்றால் அந்த இடத்தைக் காலியாக விடுங்கள். பாடகரின் வாழ்க்கை வரலாற்றைக் கொண்டுவந்து அடைக்காதீர்கள்.

பல்லவியோடு நின்றுவிடுவது

எத்தனை தடவை பார்த்தாலும் எரிச்சல் தீராத தவறு இதுதான்.

நம் சினிமாப் பாட்டில் பெரும்பாலும் சாரம் பல்லவியில் இருக்கும். சரணங்கள் அதை விரித்துச் சொல்லும். அந்தப் பழக்கத்தோடு அமெரிக்கப் பாடகர் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீனின் 'பார்ன் இன் தி யு.எஸ்.ஏ.'வைக் கேட்டுப் பாருங்கள். டிரம் இடி மாதிரி விழுகிறது. சிந்தசைசர் ஒரே துணுக்கை எக்காளம்போல ஊதிக்கொண்டே இருக்கிறது. பாட்டு முழுக்க இரண்டே 'கார்ட்' (சில சுரங்கள் சேர்ந்து ஒலிக்கும் கூட்டு). முஷ்டியை உயர்த்திக் கூடவே கத்தத் தோன்றும் பல்லவி: அமெரிக்காவில் பிறந்தவன் நான். உடனே 'தேசபக்திப் பாடல்' என்று தலைப்பு வைத்து, பல்லவியை 'அமெரிக்க மண்ணின் மைந்தன் நான்' என்று மொழிபெயர்த்துவிடுகிறார்கள்.

இதன் விலை அடுத்த வரியிலேயே தெரியும். 'மண்ணின் மைந்தன்' என்று ஆரம்பித்துவிட்டால் எந்தச் சரணமும் அதோடு ஒட்டாது. ஒட்டவைக்க வேண்டி ஒவ்வொரு வரியையும் மழுக்குவார்கள். செத்துப்போன ஊர் 'அமைதியான ஊர்' ஆகும். உதை 'சோதனை' ஆகும். கடைசியில் கையில் இருப்பது வேறொரு பாட்டு.

சரணங்களை வரிசையாகப் பாருங்கள். முதலாவதில் ஒருவன் செத்த ஊரில் பிறக்கிறான், தரையில் விழுந்ததுமே முதல் உதை வாங்குகிறான். அடிபட்டு ஒடுங்கிய நாய்போல, அடுத்த அடியிலிருந்து தன்னை மறைத்துக்கொள்வதிலேயே பாதி ஆயுள் போகிறது. இரண்டாவதில் உள்ளூரில் ஏதோ ஒரு சின்ன 'ஜாம்'. வண்டி நெரிசல் இல்லை, வம்பில் மாட்டிக்கொண்டது. கையில் துப்பாக்கியைக் கொடுத்து, மஞ்சள் தோல்காரனைக் கொன்றுவிட்டு வா என்று வியட்நாம் போருக்கு அனுப்புகிறார்கள். அந்த வசைச் சொல் அனுப்பியவர்களின் வாய்ச்சொல். அதை நாகரிகப்படுத்தி 'எதிரி' என்று எழுதினால் அந்த வரியின் கசப்பு போய்விடும்.

மூன்றாவது சரணம்தான் பாட்டின் உச்சம் என்பது இதை எழுதுகிறவரின் கருத்து. போர் முடிந்து ஊருக்கு வந்து, எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையில் வேலை கேட்கிறான். ஆள் எடுப்பவர் சொல்வது: "என் கையில மட்டும் இருந்தா தம்பி..." வாக்கியம் அங்கேயே நிற்கிறது. தமிழ்நாட்டில் வேலை கேட்டு அலைந்த யாருக்கும் மீதியை விளக்க வேண்டியதில்லை. அடுத்து முன்னாள் படைவீரர் நலத்துறை அதிகாரி. அவரும் "புரியலையா தம்பி" என்கிற அளவில் நிறுத்திக்கொள்கிறார். இருவருமே 'இல்லை' என்று வாய்விட்டுச் சொல்வதில்லை. விளக்கம் எழுதுகிறவர்கள் இந்த இரண்டு வரியையும் முழுமையாக்கி, 'வேலை இல்லை என்று மறுத்துவிட்டார்கள்' என்று எழுதிக் கெடுக்கிறார்கள்.

இப்போது எண்ணிப் பாருங்கள். முதல் சரணம் முடிந்ததும் பல்லவி வந்தது. இரண்டாவது முடிந்ததும் வந்தது. மூன்றாவது முடிந்ததும் வரவில்லை. அடுத்து வியட்நாமின் கே சான் போர்க்களத்தில் வியட்காங் படையை எதிர்த்து நின்ற சகோதரனைப் பற்றிய சரணம். உடன்பிறந்தவனா, உடன் போரிட்டவனா என்று பாட்டு சொல்லவில்லை, நீங்களும் சொல்ல வேண்டாம். 'அவர்கள் இன்னும் அங்கேயே இருக்கிறார்கள், அவன்தான் இல்லை' என்று மூன்றாவது அடி முடிகிறது. நான்காவது அடி வர வேண்டிய இடத்தில் சொல்லே கிடையாது. 1968-இல் 77 நாள் முற்றுகையைத் தாங்கிய அந்தத் தளத்தை அதே வருடம் ஜூலையில் அமெரிக்கப் படையே கைவிட்டுக் கிளம்பியது. இது தெரிந்தால் 'இன்னும் அங்கேயே இருக்கிறார்கள்' என்பதன் கனம் கூடும். பிறகு சைகோனில் அவன் காதலித்த பெண், அவள் அணைப்பில் அவன் இருக்கும் ஒரு புகைப்படம், கடைசியாகச் சிறைச்சாலை நிழலும் ஆலையின் தீச்சுவாலையும். இவ்வளவும் கடந்த பிறகுதான் பல்லவி திரும்புகிறது.

பொருள் பல்லவியில் இருந்திருந்தால் நடுவில் இவ்வளவு நேரம் அதை ஒளித்துவைக்க வேண்டிய அவசியம் இல்லை. சொற்கள் அதேதான். முன்னால் வரும் சரணம் மாறுவதால் ஒவ்வொரு முறையும் அது வேறொன்றைச் சொல்கிறது.

இதைப் பிடிக்க ஒரு வழி. பல்லவியைத் தமிழில் ஒரு வரியாக எழுதுங்கள். ஒவ்வொரு சரணத்துக்கும் அதற்கும் நடுவே 'ஆகவே', 'அப்படித்தான்', 'அதனால்தான்', 'இருந்தும்' என்று ஒவ்வொன்றாக வைத்து வாய்விட்டுப் படியுங்கள். செத்த ஊரில் உதைபட்டேன், அப்படித்தான் அமெரிக்காவில் பிறந்தேன்: பொருந்துகிறது. துப்பாக்கியைக் கொடுத்து அனுப்பினார்கள், அதனால்தான், அமெரிக்காவில் பிறந்ததால்தான்: இதுவும் பொருந்தும். போக இடமில்லை, இருந்தும் அமெரிக்காவில் பிறந்தவன்: கடைசிப் பல்லவி இதுதான். 'ஆகவே' எங்கும் உட்காராது. தேசபக்திப் பாடல் என்பவர்கள் மனசுக்குள் வைத்துக்கொள்வது அந்த 'ஆகவே'யைத்தான்.

அரைகுறையாகத் திருந்தியவர்கள் நேர் எதிர்ப் பக்கம் போய் விழுவார்கள். 'இது அமெரிக்க எதிர்ப்புப் பாட்டு, பல்லவி வெறும் கிண்டல்' என்பார்கள். கிண்டல் என்றால் இவ்வளவு தொண்டை கிழியக் கத்த வேண்டியதில்லை. நான் இங்கே பிறந்தவன், எனக்கு இங்கே பாத்தியதை உண்டு என்கிற உரிமைக் குரலும் அதில் இருக்கிறது. சந்தேகம் இருந்தால் இதே பாட்டின் தனி கிட்டார் பதிவைத் தேடிக் கேளுங்கள். 1982 தொடக்கத்தில் வீட்டில் நாலு டிராக் கேசட் கருவியில் பதிவானது, 1998-இல்தான் 'டிராக்ஸ்' தொகுப்பில் வெளியானது. டிரம் இல்லை, எக்காளம் இல்லை, குரலும் அடங்கியே வருகிறது. அதில் மிஞ்சுவது புகார். குழுவோடு பாடும்போது அந்தப் புகாரின் மேல் பெருமிதமும் ஏறிக்கொள்கிறது. இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்காமல் இந்தப் பாட்டைப் பற்றி எழுதவே வேண்டாம்.

பேசுபவன் ஸ்பிரிங்ஸ்டீன் இல்லை என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். அவர் வியட்நாம் போகவில்லை. ராணுவ மருத்துவப் பரிசோதனையில் தள்ளப்பட்டவர்.

வருடத்தைத் தப்பாகப் பிடிப்பது

'பார்ன் இன் தி யு.எஸ்.ஏ.' ஆல்பம் வந்தது ஜூன் 1984. அதே வருடம் செப்டம்பர் 19-ஆம் தேதி நியூஜெர்சியின் ஹாமன்டன் ஊரில் தேர்தல் பிரசாரத்தில் பேசிய அமெரிக்க அதிபர் ரொனால்ட் ரீகன், ஸ்பிரிங்ஸ்டீன் பாடல்களில் நம்பிக்கைச் செய்தி இருப்பதாகச் சொன்னார். இதை வைத்து 'ரீகனுக்குப் பதிலாக எழுதிய பாட்டு' என்று எழுதுகிறார்கள். பாட்டு பதிவானது 1982-இல். இரண்டு வருடம் கழித்து வரப்போகும் பேச்சுக்கு யாரும் பதில் எழுத முடியாது. ரீகன் அந்தப் பேச்சில் பாடகர் பெயரைத்தான் சொன்னார், பாட்டின் பெயரைச் சொல்லவில்லை. அதையும் பலர் மாற்றிச் சொல்கிறார்கள். ஸ்பிரிங்ஸ்டீன் சில நாட்களில் பிட்ஸ்பர்க் மேடையில், அதிபருக்குப் பிடித்த என் ஆல்பம் எதுவாக இருக்குமோ, 'நெப்ராஸ்கா'வாக இருக்காது என்று சொல்லிவிட்டு, அந்த ஆல்பத்திலிருந்தே, வேலை போனவன் கொலைகாரனாகும் 'ஜானி 99' பாடினார். பதில் என்று ஒன்று வேண்டுமானால் அதுதான்.

வெளியான வருடம், எழுதிய வருடம் இரண்டையும் தனித்தனியாகக் குறியுங்கள். கடைசிச் சரணத்தில் அவன் அலைந்ததாகச் சொல்லும் 'பத்து வருடம்' 1982-இலிருந்து பின்னால் போனால் 1972. அமெரிக்கப் படைகள் திரும்பிக்கொண்டிருந்த காலம். 1984-இலிருந்து எண்ணினால் கணக்கு இவ்வளவு சரியாக உட்காராது.

கதை நன்றாக இருக்கிறதே என்று நம்புவது

பில் காலின்ஸின் 'இன் தி ஏர் டுநைட்' (1981). தண்ணீரில் மூழ்கியவரைக் காப்பாற்றாமல் நின்ற ஆளைக் கச்சேரிக்கு அழைத்து, விளக்கை அவன் முகத்தில் அடித்துப் பாடினார் என்று ஒரு கதை சுற்றுகிறது. காலின்ஸ் அதை மறுத்தவர். முதல் மணவாழ்க்கை முறிந்த கோபத்தில் மைக் முன்னால் வந்து விழுந்த வார்த்தைகள் அவை.

ஜேம்ஸ் டெய்லரின் 'ஃபயர் அண்ட் ரெயின்' (1970) இன்னும் மோசமாகப் பாதிக்கப்பட்டது. பறக்கும் இயந்திரங்கள் நொறுங்கிக் கிடக்கின்றன என்ற வரியை வைத்து, காதலி விமான விபத்தில் இறந்தாள் என்று கதை கட்டினார்கள். 'தி ஃப்ளையிங் மெஷின்' என்பது அவர் முன்பு வைத்திருந்த இசைக்குழுவின் பெயர். நொறுங்கியது குழு. பாட்டில் ஒரு தோழியின் மரணம் இருப்பது உண்மை, ஆனால் அது வேறு சரணம்.

போதை

எல்லாப் பாட்டும் கஞ்சாப் பாட்டு இல்லை.

பாடகர் பேட்டியே தீர்ப்பு என்பது

சாட்சி. தீர்ப்பு இல்லை.

சிலேடையை மல்லுக்கட்டி மொழிபெயர்ப்பது

ஈகிள்ஸ் இசைக்குழுவின் 'ஹோட்டல் கலிபோர்னியா'வில் ஒயின் கேட்பவனிடம், 1969-க்குப் பிறகு அந்த 'ஸ்பிரிட்' எங்களிடம் இல்லை என்கிறார் சிப்பந்தி. 'ஸ்பிரிட்' என்றால் காய்ச்சி வடிக்கும் மது, ஒயின் அப்படி இல்லையே, எழுதியவர்களுக்கு இதுகூடத் தெரியாதா என்று குற்றம் கண்டுபிடித்தவர்கள் உண்டு. எழுதியவர்களில் ஒருவரான டான் ஹென்லி, அந்த வரி மதுவைப் பற்றியதே இல்லை என்று அலுத்துக்கொண்டு பதில் சொல்லியிருக்கிறார். அறுபதுகளோடு போய்விட்ட ஒரு உத்வேகத்தைப் பற்றியது.

தமிழில் 'ஆவி' என்று போட்டால் பேய்ப்படம் ஆகிவிடும். 'உத்வேகம்' என்றால் ஒயின் காணாமல் போகும். 'சரக்கு' ஏறக்குறைய இரண்டையும் தாங்கும், பாட்டிலில் இருப்பதும் அதுதான், ஆளிடம் இருக்க வேண்டியதும் அதுதான். ஆனால் மெழுகுவத்தி ஏந்தி வரவேற்கும் அந்த விடுதியில் டாஸ்மாக் வாசனை வந்துவிடும். அடிக்குறிப்பு ஒன்று போட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போங்கள்.