புத்தகத்தைத் திட்டுவதற்கு முன்: பேக்கிங் புத்தகம் பார்த்துச் செய்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒரே கேக் புத்தகத்தை ஒருவர் ‘கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம்’ என்பார். இன்னொருவர் ‘மூன்று கேக் செய்தேன், மூன்றும் செங்கல்’ என்பார். இரண்டுமே உண்மையாக இருக்கலாம். பேக்கிங் புத்தகம் எந்த ஊரில் எழுதப்பட்டதோ அந்த ஊர்க் கப், மாவு, முட்டை, அறை வெப்பம் எல்லாவற்றையும் மனதில் வைத்தே எழுதப்படுகிறது. குழம்பில் புளி கூடினால் தண்ணீர் விட்டுச் சமாளிக்கலாம். ஓவனுக்குள் போன கேக்கில் கை வைக்க வழியில்லை. அதனால் முதலில் திறக்க வேண்டியது பதிப்பு விவரம் இருக்கும் பக்கத்தை. நியூயார்க்கா, லண்டனா, சிட்னியா என்று பாருங்கள்.

அமெரிக்கக் கப் 237 மில்லி, ஆஸ்திரேலியக் கப் 250 மில்லி. இந்த வித்தியாசம் பெரிதாகக் கெடுக்காது. கெடுப்பது டேபிள்ஸ்பூன்தான். மற்ற ஊர்களில் 15 மில்லி, ஆஸ்திரேலியாவில் 20. அங்கே எழுதிய புத்தகம் 3 டேபிள்ஸ்பூன் கோகோ கேட்டால், நம் ஸ்பூனில் 4 போட வேண்டும். டீஸ்பூன் எங்கும் 5 மில்லிதான் என்பது ஒரு நிம்மதி.

கப்பால் மைதாவை அள்ளுவது

‘எல்லாம் வறட்சியாக வருகிறது’ என்று ஒரு புத்தகத்தைப் பற்றிப் புகார் வந்தால், பாதிக்கு மேல் காரணம் இதுதான். கப்பை மாவு டப்பாவுக்குள் விட்டு, டப்பாவின் சுவரோடு அழுத்தி அள்ளி, மேடையில் இரண்டு தட்டுத் தட்டி, மறுபடி நிரப்பினால் அதில் 145 முதல் 150 கிராம் மைதா இருக்கும். அதே மைதாவைக் கரண்டியால் கிளறிவிட்டு, ஸ்பூனால் அள்ளிக் கப்பில் தளர்வாகப் போட்டு, கத்தியின் முதுகால் மட்டமாக வழித்தால் 120 முதல் 125 கிராம். இரண்டரைக் கப் கேட்கும் கேக்கில் வித்தியாசம் 60 கிராம். கேட்காமலே அரைக் கப் மாவு கூடுதலாக விழுந்துவிட்டது. கேக் நடுவில் மலைபோல் எழும்பி வெடிப்பதும் மறுநாள் உதிர்வதும் இதனால்தான்.

எந்த முறையில் அளக்க வேண்டும் என்பது பெரும்பாலான புத்தகங்களின் முன்பக்கங்களில் இருக்கும். அதை யாரும் படிப்பதில்லை. கிராம் கொடுத்திருந்தால் கப்பைத் தொடாதீர்கள். 1 கிராம் துல்லியம் காட்டும் சமையலறைத் தராசு போதும். பேக்கிங் பவுடர், ஆப்ப சோடா போன்ற சின்ன அளவுகளை மட்டும் அளவு ஸ்பூனில் எடுங்கள். 3 கிராம், 4 கிராம் எடையை அந்தத் தராசு சரியாகப் பிடிக்காது.

‘அறை வெப்பநிலையில் வெண்ணெய்’

இந்த ஒரு வரியை நம்பிச் சென்னையில் கெட்ட கேக்குகளுக்குக் கணக்கில்லை. குளிர்நாட்டுப் புத்தகம் சொல்லும் அறை 18 முதல் 20 டிகிரி செல்சியஸ். மே மாதத்து நம் அடுக்களையில் வெண்ணெய் முக்கால்வாசி உருகியே விடும். வெண்ணெயையும் சர்க்கரையையும் சேர்த்து அடிக்கும்போது, சர்க்கரைப் பரலின் கூர்மை வெண்ணெய்க்குள் கீறிச் சின்னச் சின்னக் காற்றுக் குமிழிகளை உண்டாக்குகிறது. பேக்கிங் பவுடரின் வேலை பெரும்பாலும் அந்தக் குமிழிகளைப் பெரிதாக்குவது. புதிதாக உண்டாக்குவது அல்ல. இளகிய வெண்ணெயில் குமிழி நிற்காது. எவ்வளவு நேரம் பீட்டர் ஓட்டினாலும் கலவை பளபளவென்று எண்ணெய் மாதிரிதான் கிடக்கும்.

ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த வெண்ணெயைச் சிறு துண்டுகளாக நறுக்கி 10 நிமிடம் வையுங்கள், வெயில் காலத்தில் அதற்கும் குறைவாக. விரலால் அழுத்தினால் பள்ளம் விழ வேண்டும், விரலில் பிசுக்கு ஒட்டக் கூடாது. அதுதான் பதம். முட்டை நேர்மாறு: ஃபிரிட்ஜ் குளிரோடு ஊற்றினால் கலவை திரிந்துபோகும். குழாய்த் தண்ணீரில் 15 நிமிடம் போட்டு வைத்தால் சரி. உப்பு வெண்ணெய் மட்டும்தான் கிடைக்கிறது என்றால், 100 கிராமில் சுமார் 2 கிராம் உப்பு இருக்கிறது. புத்தகம் தனியாகக் கேட்கும் உப்பை விட்டுவிடுங்கள்.

சர்க்கரையிலும் ஒரு சிக்கல். நம் கடைச் சர்க்கரை பரல் பெரிது. கேக்கின் மேல் புள்ளி புள்ளியாகத் தெரியும். மிக்ஸியில் இரண்டு சுற்று விட்டால் போதும். மாவாக அரைத்தால் கீறுவதற்குக் கூர்மையே இருக்காது. அதோடு 1 கப் சர்க்கரை 200 கிராம் என்றால், 1 கப் பொடித்த சர்க்கரை 120 கிராம்தான். கப்புக்குக் கப் மாற்றினால் இனிப்பும் போச்சு, மென்மையும் போச்சு.

முட்டை, கிரீம், கோகோ

அமெரிக்கப் புத்தகத்தின் ‘லார்ஜ்’ முட்டை ஓடு நீக்கி 50 கிராம். நம் கடையில் ஓட்டோடு 50 கிராம் இருக்கும் முட்டையை உடைத்தால் 44 கிராம் தேறும். நாலு முட்டை கேக்கில் அரை முட்டை குறைகிறது. உடைத்து அடித்து எடை போட்டு ஊற்றுவதே வழி.

பேர் ஒன்று, பொருள் வேறு என்பதும் உண்டு. பிரிட்டிஷ் புத்தகத்தில் கார்ன்ஃபிளார் என்றால் நம் வெள்ளைச் சோளமாவு. அமெரிக்கர்கள் அதைக் கார்ன்ஸ்டார்ச் என்பார்கள். அவர்கள் கார்ன்ஃபிளார் என்றால் மக்காச்சோளத்தை அரைத்த மஞ்சள் மாவு. பாக்கெட் ஃபிரெஷ் கிரீமில் கொழுப்பு 25 சதவீதம். புத்தகம் கேட்கும் ஹெவி கிரீமில் 36, பிரிட்டனின் டபுள் கிரீமில் 48. ஃபிரெஷ் கிரீமை விடிய விடிய அடித்தாலும் நிற்காது. உறைய வைத்து விற்கும் பால் சேராத விப்பிங் கிரீம் நிற்கும், ஆனால் அதில் ஏற்கனவே சர்க்கரை இருக்கிறது. புத்தகம் சொல்லும் சர்க்கரையையும் சேர்த்தால் திகட்டும்.

கோகோ பாக்கெட்டின் பின்புறம் 501 என்ற எண்ணோ, ‘அமிலத்தன்மை சீராக்கி’ என்று பொருள்படும் வார்த்தையோ இருந்தால் அது அமிலத்தைக் குறைக்கக் காரம் (ஆல்கலி) ஏற்றிய கோகோ. ஆப்ப சோடா மட்டும் போடச் சொல்லி, தயிர், மோர், எலுமிச்சை எதுவும் கேட்காத கேக்கில் இதைப் போட்டால் சோடா வேலை செய்ய அமிலம் போதாது. கேக் எழும்பாது, சோப்பு வாடையும் அடிக்கும்.

டின்னும் ஓவனும்

9 அங்குல வட்ட டின்னின் பரப்பு 64 சதுர அங்குலம், 8 அங்குலத்துக்கு 50, 6 அங்குலத்துக்கு வெறும் 28. ‘கொஞ்சம் சின்னது’ என்று 6 அங்குல டின்னில் 9 அங்குலத்துக்கான முழுக் கலவையையும் ஊற்றினால் வழிந்து ஓவன் அடியில் கருகும். பாதிக்கும் குறைவாகத்தான் ஊற்ற வேண்டும். 8 அங்குலச் சதுர டின் இருந்தால் 9 அங்குல வட்டத்துக்கு அப்படியே சரி.

350 ஃபாரன்ஹீட், பிரிட்டிஷ் கேஸ் ஓவன் அளவான கேஸ் மார்க் 4 இரண்டும் சுமார் 180 செல்சியஸ். விசிறி ஓடினால் 20 குறையுங்கள். சின்ன ஓடிஜியில் (மேடை மேல் வைக்கும் மின்சார ஓவன்) சூடாகும் மேல்கம்பி கேக்குக்கு மிக அருகில் இருப்பதால் மேலே கருகி உள்ளே மாவாக நிற்கும். கேக்கின் மேற்பரப்பு ஓவனின் நடுவில் வருமாறு தட்டை இறக்குங்கள். ஓவனின் திருகில் 180 என்றிருப்பதை நம்பாமல், உள்ளே தொங்கவிடும் தெர்மாமீட்டர் ஒன்று வாங்கிவிடுவது நல்லது.

மாற்றிவிட்டுக் குறை சொல்வது

முட்டைக்குப் பதில் தயிர், மைதாவுக்குப் பதில் கோதுமை, சர்க்கரை பாதி. பிறகு ‘இந்தப் புத்தகம் சரியில்லை’. புத்தகத்தில் இருக்கும் கேக்கை அவர் இன்னும் செய்யவே இல்லையே! சர்க்கரை இனிப்புக்கு மட்டும் இல்லை; ஈரத்தைப் பிடித்து வைப்பதும் மாவை இறுகவிடாமல் தடுப்பதும் அதுதான். முதல் தடவை எழுதியபடியே செய்யுங்கள், அதுவும் மூன்றடுக்குக் கேக்கை விட்டுவிட்டு ஒரு சாதா வெண்ணெய் கேக்கை.

புத்தகமே தப்பாக இருப்பதும் உண்டு. ஒரு பக்கத்தில் 1 கப் மைதா 125 கிராம், இன்னொரு பக்கத்தில் 150 என்றிருந்தால் சந்தேகப்படலாம். சாதாரணமாக 1 கப் மைதாவுக்கு பேக்கிங் பவுடர் 1 முதல் 1¼ டீஸ்பூன், சோடா என்றால் ¼ டீஸ்பூன். 1 கப்புக்கு 1 டேபிள்ஸ்பூன் பேக்கிங் பவுடர் என்று பார்த்தால் அச்சுப்பிழையாக இருக்க வாய்ப்பு அதிகம். பதிப்பகத்தின் இணையதளத்தில் திருத்தப் பட்டியல் இருக்கிறதா என்று பாருங்கள். டின் அளவே சொல்லாமல் ‘30 நிமிடம் சுடவும்’ என்று மட்டும் சொல்லும் புத்தகத்தைத் தாராளமாகத் திட்டலாம்.

செய்து முடித்ததும் பக்க ஓரத்தில் பென்சிலால் குறித்து வையுங்கள்: ‘ஓடிஜி, 170 டிகிரி, 8 அங்குலம், 42 நிமிடம், முட்டை 4½.’ அடுத்தவருக்கு அபிப்பிராயம் சொல்லும்போது அந்த வரியையும் சேர்த்துச் சொன்னால், தன் கேக் ஏன் அமுங்கியது என்று அவரே கண்டுபிடித்துக்கொள்வார்.