கடிவாளத்தில் தொங்காமல் குதிரை ஓட்டுவது

ஊட்டி ஏரிக்கரையில் படம் எடுக்கக் குதிரை ஏறியதோடு சரி. 42 வயதில்தான் முறையாகக் கற்கப் போனேன், கம்ப்யூட்டர் முன்னால் கூனிப்போன முதுகோடு. முதல் வாரமே மாஸ்டர் சொல்லிவிட்டார்: "மேடம், நீங்க குதிரை மேல உட்காரல, கடிவாளத்துல தொங்குறீங்க." தடுமாறும்போதெல்லாம் கடிவாள வாரை இழுத்தேன், வலி குதிரையின் வாய்க்குப் போனது.

வீட்டில் ஒரு மர ஸ்டூலில், உள்ளங்கைகளை அடியில் வைத்து உட்காருங்கள். இரண்டு எலும்புகள் குத்தும். சேணத்திலும் எடை அந்த இரண்டின் மேல் சமமாக விழவேண்டும். எனக்கு வலது பக்கம்தான் அழுத்தமாகக் குத்தியது. குதிரை ஒரு பக்கமாகவே சாய்கிறது என்று அதுவரை அதைத் திட்டிக்கொண்டிருந்தேன்!

அப்புறம், கொத்தனார் தூக்குக்குண்டு விடுவதுபோல் காதிலிருந்து ஒரு நூல் தொங்குவதாக நினைத்துக்கொள்ளுங்கள். தோள், இடுப்பு, குதிகால் மூன்றும் அதில் பட வேண்டும். பார்வை குதிரையின் காதுகளுக்கு நடுவே, தூரத்தில். கீழே குனிந்து பார்த்தால் தலையின் பாரம் மொத்தமும் முன்னால் சரிந்துவிடும்.

முழங்காலை இறுக்காதீர்கள். முழங்காலுக்கும் சேணத்துக்கும் நடுவே காசை வைத்துப் பழகச் சொல்வார்கள் சிலர். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஈரச் சோப்பை அழுத்தினால் என்ன ஆகும்? எகிறும். நீங்களும் அப்படித்தான். தொடையைத் தளர்த்தினால் எடை தானாகக் குதிகாலுக்கு இறங்கும்.

துள்ளோட்டத்தில் (குதிரை துள்ளித் துள்ளி ஓடும் மிதவேக ஓட்டம், trot) அங்கவடியை, அதாவது பாதம் வைக்கும் வளையத்தை, மிதித்து எழும்ப வேண்டாம், குதிரையே தூக்கிவிடும். இடுப்பை முன்னால் விட்டு, மெதுவாகத் திரும்பி உட்கார்ந்தால் போதும். வட்டமாக ஓடும்போது, குதிரையின் வெளிப்பக்க முன்தோள் முன்னே போகும் நேரத்தில் இப்படி எழுங்கள்.

எனக்கு அதிகம் பலன் தந்தது, மாஸ்டர் நீளக்கயிற்றில் குதிரையை வட்டமடிக்க விட, அங்கவடியும் வாரும் இல்லாமல் உட்கார்ந்த 10 நிமிஷங்கள்தான். தலைக்கவசம் கட்டாயம். பிடிக்க வேண்டுமென்றால் குதிரையின் கழுத்துப்பட்டையைப் பிடியுங்கள், வாரை அல்ல.

பயத்தில் மூச்சைப் பிடித்தால் உடம்பு கட்டையாகிவிடும். அதனால் வாய்விட்டு ஏதாவது சொல்லுங்கள். நான் பதினாறாம் வாய்ப்பாடு சொல்வேன். பதினாறேழில் திணறும்போது வேலியோரம் சிரிக்கிற பிள்ளைகளைத் திரும்பிப் பார்க்க மாட்டேன். பார்த்தால் தோள் கோணிவிடும்.