பெரிய எஸ்யூவி வாங்கியவர்கள் மைலேஜில் கோட்டைவிடும் இடங்கள்

தை பிறந்ததும் டெலிவரி எடுப்பார்கள். பங்குனி முடிவதற்குள் போன் வரும்: "அண்ணா, லிட்டருக்குப் பதினஞ்சு குடுக்கும்னுதானே வாங்கினேன், ஒன்பதத் தாண்ட மாட்டேங்குதே?" வண்டி மாறும், ஊர் மாறும், கேள்வி மட்டும் மாறாது. ஒரு காலத்தில் நானும் கேட்டதுதான். டயரில் காற்று பார்ப்பது, ஏர் ஃபில்டர் மாற்றுவதெல்லாம் எல்லோருக்கும் தெரியும் என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

கம்பெனி சொன்ன எண்ணை ரோட்டில் தேடுவது

விளம்பரத்தில் வரும் ஏ.ஆர்.ஏ.ஐ. (வண்டிகளைச் சோதித்துச் சான்று தரும் அமைப்பு) மைலேஜ் பொய்யில்லை. ஆனால் அது ரோட்டில் எடுத்ததும் இல்லை. லேபுக்குள் உருளைகள் மேல் வண்டியை ஏற்றி, ஏ.சி.யை அணைத்து, வேகம் 90ஐத் தாண்டாமல், சராசரி 30 சொச்சத்தில் ஓட்டிப் பார்த்த கணக்கு அது. சித்திரை வெயிலில் ஏழு பேரை ஏற்றி, பின்வரிசை ஏ.சி.யையும் முழுசாக வைத்து ஓட்டும் இரண்டு டன் வண்டிக்கு அந்த எண் எப்படி வரும்? இரண்டு மாடல்களை ஒப்பிட்டுப் பார்க்க உதவும், அவ்வளவுதான்.

ஸ்கிரீனை நம்புவது

மீட்டருக்குள் தெரியும் சராசரி பெரும்பாலும் கூட்டித்தான் காட்டும். டேங்க் டு டேங்க் பாருங்கள். ஆட்டோ கட் ஆகும்வரை நிரப்பி, ட்ரிப் மீட்டரை சைபராக்கி, டேங்க் கிட்டத்தட்ட காலியாகும்வரை ஓட்டி, அதே பெட்ரோல் பங்கில் அதே பம்பில் மறுபடி ஆட்டோ கட் வரை போடுங்கள். ஓடிய கிலோமீட்டரை இப்போது போட்ட லிட்டரால் வகுத்தால் வருவதுதான் நிஜ மைலேஜ். டீசல் நுரைத்தால் பம்ப் ஒரு லிட்டர் முன்பின்னாகக் கட் ஆகும். 10 லிட்டர் மட்டும் போட்டுக் கணக்குப் பார்த்தால் அந்த ஒரு லிட்டரே 10 சதவீதப் பிழை. 60 லிட்டர் போட்டால் அது 2 சதவீதத்துக்கும் கீழே.

டயரைப் பெரிதாக்கியவர்கள் இன்னொன்றும் பார்க்க வேண்டும். 265/60 ஆர்18 இருந்த இடத்தில் 285/60 ஆர்18 போட்டால் சக்கரத்தின் விட்டம் 3 சதவீதம் கூடும். 100 கிலோமீட்டர் ஓடிய வண்டிக்கு மீட்டர் 97 என்று காட்டும். டயரின் எடையால் மைலேஜ் நிஜமாகவே குறையும். அதற்கு மேல் மீட்டர் தன் பங்குக்குக் குறைத்துக் காட்டும்.

டீசலை வாங்கித் தெருவுக்குள்ளேயே ஓட்டுவது

எனக்கு இன்றுவரை எரிச்சல் மூட்டுவது இதுதான். "பெரிய வண்டின்னா டீசல்தான்" என்று ஊரே சொல்லும். தினமும் எத்தனை கிலோமீட்டர் ஓட்டுவீர்கள் என்று ஒருவரும் கேட்க மாட்டார்கள். விற்கிறவரும் கேட்பதில்லை.

2020 ஏப்ரலில் பி.எஸ்.6 புகைக் கட்டுப்பாட்டு விதி வந்தபிறகு டீசல் எஸ்யூவிகளின் புகைக்குழாயில் டி.பி.எஃப். என்ற வடிகட்டி உட்கார்ந்திருக்கிறது. புகையிலுள்ள கரியைப் பிடித்து வைப்பது அதன் வேலை. ஹைவேயில் ஓடும் வண்டியில் அந்தக் கரி புகையின் சூட்டிலேயே எரிந்துபோகும். ஊருக்குள் சுற்றும் வண்டியில் எரியாமல் சேரும். ஓரளவு சேர்ந்ததும் எஞ்சினை இயக்கும் கம்ப்யூட்டரான ஈ.சி.யு. தானாகவே கூடுதல் டீசலைப் பீய்ச்சி, வடிகட்டியை 600 டிகிரி வாக்கில் சூடேற்றி எரிக்கப் பார்க்கும். அது முடியப் பத்து இருபது நிமிடம் நிற்காமல் ஓட வேண்டும். அதற்குள் பள்ளிக்கூட வாசல் வந்துவிடும், எஞ்சினை அணைத்துவிடுவோம். போன டீசல் போனதுதான். மறுநாள் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கும்.

கோவையில் தெரிந்த தம்பி ஒருவர் இப்படித்தான். வீடு, பிள்ளையின் பள்ளிக்கூடம், கடை எல்லாம் ஆர்.எஸ். புரத்தைச் சுற்றி நாலு கிலோமீட்டருக்குள். எஞ்சின் சூடாவதற்குள் இறங்கிவிடுவார். "கம்பெனிக்காரன் ஏமாத்திட்டானுங்கண்ணா" என்று வந்து நின்றார். பானெட்டைத் திறந்து ஆயில் ஸ்டிக்கை உருவி, துடைத்து, மறுபடி விட்டு எடுத்தேன். எண்ணெய் மேல்கோட்டையும் தாண்டி ஒரு விரற்கடை நின்றது. விரலில் தொட்டால் தண்ணியாக ஓடியது, முகர்ந்தால் பங்க் வாடை.

"ஆயில் கூடத்தான இருக்கு, நல்லதுதானுங்களே?"

"ஆயில் தானா எப்படித் தம்பி ஊறும்?"

வடிகட்டியைச் சூடேற்றப் பீய்ச்சிய டீசலில் ஒரு பங்கு சிலிண்டர் சுவர் வழியாக இறங்கி ஆயிலோடு கலந்திருந்தது. அந்த ஆயிலோடு ஹைவேயில் மிதித்தால் எஞ்சினுக்கே ஆபத்து. சர்வீஸுக்கு அனுப்பி ஆயில் மாற்றி, கம்ப்யூட்டரை மாட்டிக் கரியை எரித்து வாங்கினோம். இப்போது ஞாயிற்றுக்கிழமை காலையில் அவிநாசி ரோட்டில் கணியூர் டோல்கேட்டுக்கு முன்னால்வரை போய்த் திரும்புகிறார். வடிகட்டி சுத்தமாக இருக்கிறது. ஒரு வேலையும் இல்லாமல் வாராவாரம் ஐம்பது கிலோமீட்டர் எரிக்கும் டீசலை அவர் எந்தக் கணக்கில் எழுதுகிறார் என்று நான் கேட்கவில்லை.

கரி எரியும் நேரத்தைக் கண்டுபிடிக்கலாம். வண்டி நிற்கும்போது எஞ்சின் சுற்று (ஆர்.பி.எம்.) வழக்கத்தைவிடக் கொஞ்சம் தூக்கலாக இருக்கும், ஸ்கிரீனில் மைலேஜ் திடீரென விழும், அணைத்த பிறகும் ஃபேன் ஓடும், சூட்டு வாடை அடிக்கும். அப்போது அணைக்காமல் பைபாஸ் பக்கம் ஒரு சுற்று போய் வாருங்கள். டி.பி.எஃப். லைட் எரிந்தும் கண்டுகொள்ளாமல் விட்டால் வண்டி பவரைக் குறைத்துக்கொண்டு நொண்டும். அதையும் தாண்டினால் வடிகட்டியையே மாற்ற வேண்டிவரும். பெரிய வண்டிகளில் அது லட்சக் கணக்கு. விலை குறைவு என்று கண்ட ஆயிலை ஊற்றினாலும் இதே கதிதான், அந்த ஆயில் விடும் சாம்பல் எந்தச் சூட்டிலும் எரியாது. "கழட்டிப் போட்டுரலாம் சார்" என்று ஒரு மெக்கானிக் கட்டாயம் சொல்வார். அது சட்டவிரோதம், வாரண்டியும் போய்விடும்.

தினசரி ஓட்டம் பத்து கிலோமீட்டருக்குள் என்றால் பெட்ரோல் வாங்குங்கள். பட்ஜெட் இடம் கொடுத்தால் இன்னோவா ஹைகிராஸ் போன்ற ஸ்ட்ராங் ஹைப்ரிட் (பெட்ரோல் எஞ்சினோடு பேட்டரி மோட்டாரும் ஓட்டும் வண்டி) பாருங்கள், நின்று நின்று ஓடும் இடத்தில்தான் அதன் லாபமே. வெளியூர் ஓட்டம் அதிகமென்றால் டீசலை மிஞ்ச ஆளில்லை.

"ஒரு கிலோமீட்டர்தானே" என்பது

சின்ன கார் 16இலிருந்து 18க்கு ஏறினால் 1000 கிலோமீட்டருக்கு 7 லிட்டர் மிச்சம். பெரிய எஸ்யூவி 8இலிருந்து 10க்கு ஏறினால் 25 லிட்டர். ஏற்றம் இரண்டிலும் அதே 2தான். குடிக்கிற வண்டியில்தான் ஒவ்வொரு புள்ளிக்கும் காசு அதிகம்.

110இல் போய்விட்டு 90இன் மைலேஜைக் கேட்பது

காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கமாகக் கூடும். 80இலிருந்து 110க்குப் போனால் அது ஏறத்தாழ இரண்டு மடங்கு. உயரமும் அகலமுமான எஸ்யூவிக்கு இது கார்களைவிடக் கடுமையாக அடிக்கும். 300 கிலோமீட்டரை 90இல் போவதற்கும் 110இல் போவதற்கும் கணக்குப்படி 36 நிமிடம்தான் வித்தியாசம். உளுந்தூர்பேட்டையில் ஒரு டீக்கு நிறுத்தினால் அதில் பாதி போய்விடும்.

கூரை மேல் காலி கேரியர்

கழட்டி வையுங்கள்.

காய்ந்த தார் ரோட்டில் ஃபோர் வீல்

முன், பின் சக்கரங்களைச் சேர்த்துப் பூட்டும் பார்ட் டைம் ஃபோர் வீல் டிரைவ் என்றால் போடவே கூடாது. டீசலோடு டயரையும் தின்னும்.

குன்னூர் இறக்கத்தில் நியூட்ரல்

மிச்சமாகும் என்று நினைத்துச் செய்கிறார்கள். கியரில் இறங்கும்போது காலை எடுத்துவிட்டால் இன்ஜெக்டர் டீசலையே நிறுத்திவிடும். நியூட்ரலில் எஞ்சினை அணையாமல் வைக்க டீசல் போய்க்கொண்டே இருக்கும், இரண்டு டன் எடையையும் பிரேக் ஒன்றே தாங்கும். இரண்டாவது கியரில் இறங்குங்கள்.