பீட்டர் கழலவில்லையா? இழுப்பதற்கு முன் காரணத்தைப் பாருங்கள்

ஹேண்ட் மிக்ஸரில் (கையில் பிடித்து மாவும் முட்டையும் அடிக்கும் கருவி) மாட்டிய பீட்டர், அதாவது அடிக்கும் கம்பிக் கூண்டு, கழல மறுத்தால் பலரும் முதலில் தேடுவது குறடுதான். அதை எடுத்த இடத்திலேயே வைத்துவிடுங்கள். பீட்டர் இறுகுவதற்குப் பல காரணங்கள் உண்டு. காய்ந்த சர்க்கரைக்கு ஏற்ற வழி முட்டைக்கு ஆகாது. முட்டைக்கு ஏற்றது துருவுக்கு உதவாது. எது பிடித்திருக்கிறது என்று தெரியாமல் இழுத்தால், உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் பற்சக்கரம்தான் முதலில் அடிபடும்.

படி 1: பிளக்கைக் கழற்றுங்கள்

சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. விரல்கள் பீட்டர் கம்பிகளுக்கு நடுவே இருக்கும்போது கட்டைவிரல் வேகப் பொத்தானில் படுவது மிகச் சுலபம்.

படி 2: வேகம் 0-வில் இருக்கிறதா?

பல மாடல்களில் வேகப் பொத்தான் 0-வுக்கு வந்த பிறகுதான் பீட்டரை வெளியே தள்ளும் பொத்தான் அழுந்தும். ஓடும்போது பீட்டர் கழன்று விழாமலிருக்கச் செய்த ஏற்பாடு அது. பொத்தான் 1-இல் நிற்பது தெரியாமல் பீட்டரோடு மல்லுக்கட்டுவோர் உண்டு. இதைச் சரிசெய்ததும் கழன்றுவிட்டால் மேற்கொண்டு படிக்க வேண்டாம், கேக்கைக் கவனியுங்கள்.

படி 3: அழுத்திக்கொண்டே நேராக இழுங்கள்

உள்ளே நடப்பதைத் தெரிந்துகொண்டால் கை தானாகச் சரியான திசையில் போகும். மோட்டார் தண்டில் உள்ள திருகுப் பல், இருபுறமும் உள்ள இரண்டு பற்சக்கரங்களை எதிரெதிர்த் திசையில் சுழற்றுகிறது. அந்தச் சக்கரங்களின் நடுத்துளையில்தான் பீட்டர் தண்டுகள் நுழைந்து நிற்கின்றன. பொத்தானை அழுத்தும்போது ஒரு சிறு தகடு தண்டுகளின் தலையைத் தட்டி வெளியே தள்ளுகிறது. ஆகவே இழுப்பு அதே கோட்டில் நேராக இருக்க வேண்டும். பக்கவாட்டில் வளைத்து இழுத்தால் தண்டு துளைக்குள் இன்னும் இறுகும்.

மிக்ஸரை ஒரு கையில் பிடித்துக் கட்டைவிரலால் பொத்தானை முழுவதும் அழுத்துங்கள். மறு கையால் இரண்டு பீட்டர்களையும் சேர்த்துத் தண்டுப் பகுதியில் பிடித்து, லேசாக அசைத்தபடி இழுங்கள். கம்பிக் கூண்டைப் பிடித்து இழுக்காதீர்கள்; அது வளைந்துவிடும். வளைந்த பீட்டர்கள் ஓடும்போது ஒன்றோடொன்று மோதும்.

ஒன்று வந்து மற்றொன்று வரவில்லையென்றால், பீட்டர்கள் இடம் மாறி மாட்டப்பட்டிருக்கலாம். பல மாடல்களில் ஒரு பீட்டரின் தண்டில் மட்டும் ஒரு வளையம் இருக்கும். அதற்கென ஒரு பெரிய துளை உண்டு. மாற்றிச் செருகி அழுத்தினால் பாதியில் இறுகி நிற்கும். இங்கே எண்ணெயும் வெந்நீரும் வீண். பொறுமையாக அசைத்து அசைத்து எடுப்பதே வழி.

படி 4: எது காய்ந்திருக்கிறது?

பெரும்பாலும் வில்லன் இங்கேதான் இருக்கிறான். கடைசியாக என்ன அடித்தீர்கள் என்று நினைத்துப் பாருங்கள்.

சர்க்கரைப் பாகு, ஐசிங் என்றால் வெந்நீர் போதும். பீட்டர்கள் கீழ்நோக்கி இருக்கும்படி மிக்ஸரைப் பிடியுங்கள். வெந்நீரில் நனைத்து நன்றாகப் பிழிந்த துணியைத் தண்டு துளைக்குள் நுழையும் இடத்தில் சுற்றி, பத்து நிமிடம் விடுங்கள். ஆறினால் மறுபடி நனைத்துச் சுற்றலாம். சர்க்கரை கரையும், வெண்ணெயும் சாக்லேட்டும் இளகும்.

முட்டை வெள்ளைக் கரு என்றால் கதையே வேறு. அது 60 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் வெந்து கெட்டியாகத் தொடங்கும். கொதிக்கும் நீரில் நனைத்த துணியைச் சுற்றினால், பிசினாக இருந்ததை வேகவைத்து ஒட்டியது போலாகும். அதற்கு வெதுவெதுப்பான நீர்தான் சரி. நேரம் கூடுதலாகப் பிடிக்கும், பரவாயில்லை. மெரிங்கு போல முட்டையும் சர்க்கரையும் சேர்ந்த கலவைக்கும் இதுவே.

எந்த நிலையிலும் மிக்ஸரைக் குழாயடியில் காட்டவோ, தலைகீழாக வைத்துத் துளைக்குள் தண்ணீர் ஊற்றவோ கூடாது. மோட்டார் அங்கிருந்து அதிகத் தூரத்தில் இல்லை.

படி 5: துரு என்றால் எண்ணெய்

துணியில் பழுப்புக் கறை தெரிந்தால் அது துரு. இப்போது மிக்ஸரைத் தலைகீழாகத் திருப்பி, பீட்டர்கள் மேல்நோக்கி நிற்க, தண்டைச் சுற்றி இரண்டு மூன்று சொட்டு எண்ணெய் விடுங்கள். அதற்கு மேல் வேண்டாம். உணவுப் பொருளோடு பயன்படுத்தத்தக்க மினரல் ஆயில் கிடைத்தால் நல்லது. சமையல் எண்ணெயும் அவசரத்துக்கு உதவும், ஆனால் நாளடைவில் பிசுபிசுத்து அடுத்த சிக்கலுக்கு அதுவே காரணமாகும், கழன்றதும் துடைத்தெடுத்துவிடுங்கள். துரு நீக்கும் ஸ்பிரேயை நான் சமையலறைக்குள் விடமாட்டேன். துளையிலிருந்து வழிவது நேரே மாவில்தான் விழும்.

ஒரு மணி நேரம் கழித்து மூன்றாம் படியை மறுபடி செய்யுங்கள். அப்போதும் அசையவில்லையென்றால் இரவு முழுவதும் அப்படியே விட்டுவிடலாம்.

ஸ்டாண்ட் மிக்ஸர் வைத்திருப்போருக்கு

இதில் பீட்டரை வெளியே தள்ளும் பொத்தான் இல்லாத மாடல்களே அதிகம். தண்டின் குறுக்கே ஒரு சிறு ஊசி இருக்கும். பீட்டரின் கழுத்தில் உள்ள வளைந்த காடி அந்த ஊசியில் மாட்டிக்கொள்ளும். கீழ்நோக்கி எவ்வளவு இழுத்தாலும் வராது. முதலில் பீட்டரை மேலே அழுத்த வேண்டும். பிறகு மாட்டியபோது திருப்பியதற்கு எதிர்ப்பக்கம் திருப்பி, அதன் பிறகே கீழே இறக்க வேண்டும். மேலே போகவே மறுத்தால் கழுத்துக்கும் தண்டுக்கும் இடையில் மாவு காய்ந்திருக்கிறது, அல்லது அலுமினியம் வெளுத்துப் படிந்திருக்கிறது என்று பொருள்.

அலுமினிய பீட்டருக்கு ஒரு வசதி உண்டு. சூடேறும்போது அலுமினியம் சாதாரண எஃகைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு விரியும். எனவே வெந்நீர்த் துணியைப் பீட்டரின் கழுத்தில் சுற்றுங்கள். எஃகுத் தண்டைவிடக் கழுத்து அதிகமாக விரிந்து பிடி தளரும். துணியை எடுத்த உடனே, சூடு தண்டுக்குப் பரவுவதற்குள், மேலே அழுத்தித் திருப்புங்கள். இன்னும் பிடிவாதம் பிடித்தால் மரக்கரண்டியின் காம்பால் கழுத்தைச் சுற்றிலும் மெல்லத் தட்டலாம். திருப்புளியைச் செருகி நெம்ப வேண்டாம். ஊசி வளைந்துவிட்டால் அடுத்த முறை எந்த பீட்டரும் சரியாக மாட்டாது.

கழன்ற பிறகு

தண்டின் நுனியைத் தேய்த்துக் கழுவி, ஈரமில்லாமல் துடையுங்கள். துளைகளை ஈரத்துணியாலும் பல்குத்தும் குச்சியாலும் சுத்தம் செய்யுங்கள். குச்சி உள்ளே முறியாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு வெறும் பீட்டர்களை மாட்டிக் குறைந்த வேகத்தில் சில விநாடிகள் ஓட்டிப் பாருங்கள். கடகட என்று சத்தம் வந்தால் பல் போயிருக்கிறது. அதில் மாவு அடிக்காதீர்கள்.

அடித்து முடித்ததும் பீட்டரை மாட்டியபடியே மிக்ஸரை நிமிர்த்தி வைக்கும் பழக்கத்தை விட்டால் பாதித் தொல்லை குறையும். மாவு தண்டு வழியே இறங்கித் துளைக்குள் போவது அப்போதுதான். பாத்திரத்துக்கு மேலேயே கழற்றிவிடுங்கள்.

இத்தனைக்கும் அசையவில்லையென்றால் பீட்டரை வெட்டி எடுக்க முயலாமல், மாட்டியபடியே பழுதுபார்ப்பவரிடம் கொண்டுபோங்கள். எண்ணெய் விட்டிருந்தால், என்ன எண்ணெய் என்று அவரிடம் சொல்லிவிடுங்கள்.