பல்கலைக்கழக மாநாட்டுக்கு முதல்முறை போகிறீர்களா? தங்குமிடமும் போக்குவரத்தும், படிப்படியாக

கட்டுரை ஏற்கப்பட்டது என்று மின்னஞ்சல் வந்ததும் கை தானாக விமான டிக்கெட் தேடப் போகும். எனக்கும் அப்படித்தான் போனது. பல்கலைக்கழகத்தின் பெயரை வரைபடத்தில் தட்டினேன், பக்கத்திலேயே நல்ல அறையாகப் பார்த்து எடுத்தேன். போய் இறங்கிய பிறகுதான் தெரிந்தது, அந்தப் பல்கலைக்கழகத்துக்கு இரண்டு வளாகங்கள், மாநாடு நடப்பது இன்னொன்றில் என்று. நான்கு நாளும் காலையில் முக்கால் மணி நேரம் பேருந்தில் போனது. முதல் நாள் தொடக்க உரையில் நான் கேட்டது கடைசிக் கைதட்டல் மட்டும்தான்.

அதனால் டிக்கெட், அறை இரண்டையும் கொஞ்சம் ஒதுக்கி வைத்துவிட்டு இப்படித் தொடங்குங்கள்.

படி 1: கட்டடத்தைக் கண்டுபிடியுங்கள்

எந்த வளாகம், எந்தக் கட்டடம், எந்த வாசல்? நிகழ்ச்சி நிரலில் அரங்கின் பெயர் இருக்கும். இல்லாவிட்டால் ஒருங்கிணைப்பாளர்களுக்கு ஒரு வரி எழுதிக் கேளுங்கள். வரைபடத்தில் அந்தக் கட்டடத்தின் மேல் ஒரு குறி வைத்துவிட்டு, இனி எல்லாத் தூரத்தையும் அங்கிருந்தே அளங்கள். பெரிய வளாகங்களில் பிரதான வாசலிலிருந்து அரங்குக்கு நடக்கவே 20, 25 நிமிடம் ஆகலாம். ‘பல்கலைக்கழகத்துக்கு அருகில்’ என்று விளம்பரம் செய்யும் விடுதிகள் அந்த நடையைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

படி 2: விசா வேண்டுமென்றால், அது முதலில்

வேறு நாட்டில் மாநாடு என்றால் அழைப்புக் கடிதத்தை உடனே கேட்டு வாங்குங்கள். அதில் உங்கள் பெயர் கடவுச்சீட்டில் உள்ளபடியே இருக்க வேண்டும். விசா கையில் வரும்வரை, ரத்து செய்தால் பணம் திரும்பாத டிக்கெட்டையோ அறையையோ தொடாதீர்கள். கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்தாலும் ரத்து செய்யக்கூடியதாகவே எடுங்கள்.

படி 3: அறை

பொதுவாக மூன்று வழிகள் இருக்கும்: மாணவர் விடுதி, பல்கலைக்கழக விருந்தினர் இல்லம், வெளியே ஹோட்டல். விருந்தினர் இல்லம் கிடைத்தால் யோசிக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் அறைகள் குறைவு, அழைக்கப்பட்ட பேச்சாளர்களுக்கே பெரும்பாலும் போய்விடும்.

மாணவர் விடுதி மலிவு, அரங்குக்கும் பக்கம். பல மாநாடுகள் விடுமுறைக் காலத்தில் நடப்பதற்கு அறைகள் காலியாக இருப்பதும் ஒரு காரணம். ஆனால் அது மாணவர்களுக்காகக் கட்டிய இடம் என்பதை மறக்க வேண்டாம். குளியலறை பொதுவா? படுக்கை விரிப்பும் துண்டும் தருவார்களா? மின்தூக்கி உண்டா? இதையெல்லாம் முன்பே கேளுங்கள். எல்லாவற்றையும்விட முக்கியமான கேள்வி, சாவி எங்கே, எத்தனை மணிவரை கிடைக்கும் என்பது. ஹோட்டல் மாதிரி இரவு முழுக்க வரவேற்பில் ஆள் இருப்பார் என்று நம்பிப் போனால், பெட்டியோடு பூட்டிய கதவின் முன்னால் நிற்க நேரிடும். சாவி கொடுக்கும் அலுவலகம் பல சமயம் நீங்கள் தங்கும் கட்டடத்திலேயே இருக்காது.

ஹோட்டல் என்றால், மாநாட்டுக்காரர்கள் சலுகை விலையில் சில அறைகளை ஒதுக்கி வைத்திருப்பார்கள். அதற்கு ஒரு கடைசித் தேதி உண்டு, பெரும்பாலும் மாநாட்டுக்கு மூன்று நான்கு வாரம் முன்பு. அதற்குப் பிறகு மீதி அறைகள் பொது விற்பனைக்குப் போய்விடும். அதே தேதிகளில் வெளியே குறைந்த விலைக்கும் அறை கிடைக்கலாம், அதனால் ஒரு தடவை ஒப்பிட்டுப் பாருங்கள்.

இங்கே ஒரு எச்சரிக்கை. ‘மாநாட்டின் தங்குமிடப் பொறுப்பாளர் பேசுகிறேன், அறைகள் தீரப் போகின்றன, கார்டு எண்ணைச் சொல்லுங்கள்’ என்று யாராவது தொலைபேசியில் அழைத்தால் வைத்துவிடுங்கள். பங்கேற்பாளர் பட்டியலை எடுத்து இப்படி ஏமாற்றுவது பழைய மோசடி. உண்மையான ஏற்பாட்டாளர்கள் அறை பிடிக்கச் சொல்லித் தாங்களாக அழைப்பது அபூர்வம். சந்தேகமாக இருந்தால் மாநாட்டின் அதிகாரபூர்வ முகவரிக்கு எழுதிக் கேளுங்கள்.

அறையைப் பகிர்ந்துகொள்ளத் துணை கிடைத்தால் செலவு பாதியாகும். ஆனால் இருவர் பெயரிலும் தனித்தனி ரசீது தருவார்களா என்று அறை எடுக்கும் முன்பே கேட்டுவிடுங்கள். பயணச் செலவைத் திரும்ப வாங்கும்போது அலுவலகம் அதைத்தான் முதலில் கேட்கும்.

படி 4: நள்ளிரவுக் கணக்கு

புதியவர்கள் அதிகம் தவறுவது இதில்தான். விமான நேரங்கள் எல்லாம் அந்தந்த ஊர் நேரப்படியே டிக்கெட்டில் அச்சாகும். உங்கள் விமானம் 14-ஆம் தேதி அதிகாலை 1.10-க்கு இறங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அறையை எந்தத் தேதியிலிருந்து எடுக்க வேண்டும்? 13-லிருந்து. 14 என்று போட்டால் பிற்பகல்வரை அறை கிடைக்காமல் போகலாம். 13 என்று போட்டுவிட்டு நள்ளிரவு தாண்டி வருவதைச் சொல்லாமல் விட்டால், வரவில்லை என்று முடிவுகட்டி முன்பதிவையே ரத்து செய்துவிடலாம். ‘தாமதமாக வருகிறேன்’ என்று எழுத்தில் தெரிவித்துவிட்டால் போதும்.

படி 5: விமான நிலையத்திலிருந்து அரங்கு வரை

ஒரே ஊருக்கு இரண்டு மூன்று விமான நிலையங்கள் இருக்கலாம். டிக்கெட்டில் உள்ள மூன்றெழுத்துக் குறியீட்டைச் சரிபாருங்கள். இரண்டு விமானங்களைத் தனித்தனி டிக்கெட்டாக வாங்கினால், முதலாவது தாமதமாகி இரண்டாவது கைவிட்டுப் போனாலும் பொதுவாக விமான நிறுவனம் பொறுப்பேற்காது. ஒரே டிக்கெட்டாக எடுத்தால் மாற்று ஏற்பாடு அவர்கள் பாடு.

அப்புறம் வளாகப் பேருந்து. உங்களுக்கு விடுதி அறையைக் கொடுத்த அதே விடுமுறை, பேருந்தைப் பிடுங்கிக்கொள்ளும்! மாணவர்கள் இல்லாத நாட்களில் வளாகப் பேருந்துகள் குறையும், சிற்றுண்டிச்சாலை சீக்கிரம் மூடும், சில வாசல்கள் திறக்கவே திறக்காது. எனவே கால அட்டவணையைப் பார்க்கும்போது மாநாட்டுத் தேதியைப் போட்டே பாருங்கள், ஞாயிற்றுக்கிழமை வந்தால் இன்னும் கவனமாக. மாநாட்டுக்கென்று தனிப் பேருந்து விட்டால் மாலைக் கடைசி வண்டி எத்தனை மணிக்கு என்று குறித்துக்கொள்ளுங்கள். வரவேற்பு விருந்து அதற்குப் பிறகும் நீளும்.

சக்கர நாற்காலியோ வேறு உதவியோ தேவைப்பட்டால் பதிவு செய்யும்போதே எழுதிவிடுங்கள். சரிவுப்பாதை உள்ள அறை, ஏறக்கூடிய வண்டி இரண்டையும் கடைசி நேரத்தில் யாராலும் உருவாக்கித் தர முடியாது.

படி 6: கிளம்புவதற்கு முந்தின நாள்

தங்குமிடம், அரங்கு இரண்டின் முகவரியையும் அந்த ஊர் எழுத்திலேயே ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். வரைபடத்தை இணையம் இல்லாமல் பார்க்கும்படி தரவிறக்கிவிடுங்கள். பல்கலைக்கழகங்கள் தங்களுக்குள் பகிர்ந்துகொள்ளும் ‘எடுரோம்’ (eduroam) வைஃபையில் உங்கள் நிறுவனம் சேர்ந்திருந்தால், அதே கடவுச்சொல் 100-க்கும் மேற்பட்ட நாடுகளில் அதில் சேர்ந்துள்ள பல்கலைக்கழகங்களில் வேலை செய்யும். ஆனால் அதற்கான அமைப்புகளை (settings) ஊரிலேயே போட்டு ஒரு தடவை சோதித்துப் பார்த்துவிட்டுப் போங்கள், அங்கே போய்ச் செய்ய இணையம் வேண்டியிருக்கும்.

படி 7: திரும்புவது

கடைசி நாள் அறையைக் காலையிலேயே காலி செய்ய வேண்டியிருக்கும், அமர்வோ மாலைவரை நடக்கும். பெட்டியை எங்கே வைப்பது என்று முதல் நாளே பதிவு மேசையில் கேளுங்கள். விடுதிச் சாவிக்கு முன்பணம் கொடுத்திருந்தால், அந்த அலுவலகம் திறந்திருக்கும் நேரத்துக்குள் திருப்பிக் கொடுக்க வேண்டும். அறைக்கான ரசீதையும் அப்போதே வாங்கிவிடுங்கள். முன்பதிவு உறுதி மின்னஞ்சலை ரசீதாகப் பல கணக்கு அலுவலகங்கள் ஏற்பதில்லை. உங்கள் பெயர், தங்கிய தேதிகள், பணம் செலுத்திய விவரம் மூன்றும் அந்தத் தாளில் இருக்கின்றனவா என்று மேசையை விட்டு நகரும் முன்பே பாருங்கள்.