முதலில் பையிலிருக்கும் கிளப்பை எண்ணு

நந்தனம் கோல்ஃப் ரேஞ்சில் போன வாரம் ஒரு பையன் வந்து நின்றான். இந்தியத் தொழில்முறை கோல்ஃப் தொடரான பி.ஜி.டி.ஐ.யின் தகுதிப் போட்டியில், அதாவது கியூ ஸ்கூலில், தேறி ஆடும் உரிமைக் கார்டு வாங்கிவிட்டான், இன்னும் மூன்று வாரத்தில் முதல் போட்டி. "அண்ணா, டிரைவர் லேசா இடது பக்கம் போகுது, கொஞ்சம் பாக்குறீங்களா?" என்றான். பார்த்தேன். டிரைவரில், அதாவது தூரமாக அடிக்கும் அந்த மட்டையில், பெரிய கோளாறு எதுவும் இல்லை. அவன் கேட்காத விஷயங்கள்தான் நிறைய இருந்தன. டீக்கடையில் உட்கார்ந்து அவனிடம் சொன்னதை, இன்னும் யாருக்காவது உதவும் என்று எழுதி வைக்கிறேன்.

தம்பி, முதல் நாள் காலையில் முதல் வேலை, பையிலிருக்கும் கிளப்பை, அதாவது மட்டைகளை, எண்ணுவது. சிரிக்காதே. என் முதல் புரோ போட்டி கொல்கத்தாவில். கிட்டத்திலிருந்து பந்தைத் தூக்கி அடிக்கும் வெட்ஜ் 58 டிகிரியா, 60 டிகிரியா என்று முடிவாகவில்லை, அதனால் பயிற்சிச் சுற்றில் இரண்டையும் போட்டுக்கொண்டு ஆடினேன். அப்புறம் ஒன்றை எடுத்து வைக்க மறந்துவிட்டேன். மறுநாள் மூன்றாவது டீயில் (குழியின் முதல் அடியை அடிக்கும் இடம்) என் பையைத் தூக்கும் கேடி, அந்த ஊர்ப் பெரியவர், பைக்குள் எட்டிப் பார்த்து உதடு அசைய எண்ணிக்கொண்டிருந்தார். திரும்பவும் ஒருமுறை எண்ணினார். "பந்த்ரா" என்றார், எனக்கு மட்டும் கேட்கும்படி. பதினைந்து.

அனுமதி 14தான். கூடுதல் கிளப்போடு ஆடிய ஒவ்வொரு குழிக்கும் 2 ஸ்ட்ரோக் (அடி) தண்டனை, ஒரு சுற்றுக்கு அதிகபட்சம் 4. இரண்டு குழியிலும் பார், அதாவது அந்தக் குழிக்கென்று வைத்த அடிக்கணக்கு, எடுத்திருந்தேன், ஸ்கோர் கார்டில் இரண்டும் பாரைவிட இரண்டு அதிகமாக, டபுள் போகியாக ஏறின. பாதிப் போட்டியில் ஆட்களை வடிகட்டும் 'கட்'டை நான் தவறவிட்டது மூன்றே ஸ்ட்ரோக்கில். உனக்கும் இப்படி ஆனால் மறைக்காதே, அடுத்த ஷாட் அடிக்கும் முன்பே கூட ஆடுபவரிடம் சொல்லி, அந்தக் கிளப்பைப் பையில் தலைகீழாகச் செருகிவிடு. அதைச் செய்யாவிட்டால் போட்டியிலிருந்தே நீக்கிவிடுவார்கள்.

பயிற்சிச் சுற்றில் ஸ்கோர் எண்ணாதே. அன்றைக்குக் கொடி எங்கே இருக்கிறது என்பதற்கும் போட்டிக்கும் சம்பந்தமில்லை, குழியைத் தினமும் மாற்றுவார்கள். குழி இருக்கும் புல்தரையான கிரீனின் நாலு மூலைக்கும் பந்தை உருட்டி, எங்கே வளைகிறது என்று மைதானத்தின் தூரக் கணக்கு இருக்கும் யார்டேஜ் புத்தகத்தில் குறித்துக்கொள். போட்டி நாளில் கொடி இருக்கும் இடத்தைச் சொல்லும் 'பின் ஷீட்' தருவார்கள். அதில் 18, இடது 5 என்று இருந்தால், குழி முன் ஓரத்திலிருந்து 18 அடிவைப்பு உள்ளே, இடது ஓரத்திலிருந்து 5 அடிவைப்பு தள்ளி இருக்கிறது என்று அர்த்தம். நீ முந்தைய நாள் குறித்து வைத்தது அப்போதுதான் உதவும்.

ஊருக்கு ஊர் ஆட்டமும் மாறும். டெல்லி கோல்ஃப் கிளப்பின் லோதி மைதானத்தில் ஃபேர்வே எனும் வெட்டிய புல் பாதைக்கு இரண்டு பக்கமும் புதர்தான், நிறையப் பேர் டிரைவரைப் பையை விட்டே எடுக்க மாட்டார்கள். அங்கே போனால் உன் டிரைவர் கவலை தானாகவே தீர்ந்துவிடும். 1829இல் தொடங்கிய ராயல் கல்கத்தாவில் வழியெல்லாம் குளம். பெங்களூரு கிட்டத்தட்ட 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, நம் கடற்கரை ஊர் கணக்கை வைத்து அடித்தால் பந்து கிரீனைத் தாண்டிப் போகும். நான் அங்கே அரை கிளப் குறைத்து, அதாவது கொஞ்சம் குறைந்த தூரத்துக்குக் கணக்கிட்டு, எடுப்பேன்.

சரி, முதல் டீ. ஐந்து நிமிடத்துக்குள் தாமதம் என்றால் 2 ஸ்ட்ரோக், அதற்கு மேல் போனால் வீட்டுக்குத்தான். பத்து நிமிடம் முன்பே போய் நில். ஸ்டார்ட்டர் உன் பெயரைச் சொல்லும்போது கை நடுங்கும். எனக்குப் பந்து டீ என்கிற சின்னக் குச்சி மேல் நிற்கவே இல்லை, இரண்டு தடவை கீழே விழுந்தது. அடிக்க வீசுவதற்கு முன் விழுந்தால் தண்டனை கிடையாது, எடுத்து வைத்துக்கொள்ளலாம். பந்தை உள்ளங்கையில் பிடித்து, டீயை விரலிடுக்கில் வைத்து, இரண்டையும் சேர்த்தே மண்ணில் அழுத்து. அப்படிச் செய்தால் நடுங்கும் கையிலும் பந்து நிற்கும். முதல் ஷாட்டுக்கு உனக்குத் தூக்கத்தில்கூட நேராகப் போகிற கிளப்பை எடு, தூரத்தைப் பற்றி யோசிக்காதே.

பந்து தொலைந்திருக்குமோ என்று சந்தேகம் வந்தால், இரண்டாவது பந்தை அடிக்கும் முன் "புரொவிஷனல்" (தற்காலிகப் பந்து) என்ற வார்த்தையை வாய்விட்டுச் சொல். "இன்னொண்ணு அடிச்சுக்கறேன்" என்று மட்டும் சொன்னால், முதல் பந்து கண்ணெதிரே கிடைத்தாலும் ஆட முடியாது. தேட மூன்று நிமிடம்தான்.

கேடி விஷயம். சென்னையில் உன் பையைத் தூக்கும் அண்ணன் எல்லா ஊருக்கும் வர முடியாது, அந்தந்த ஊர் கேடிதான் கிடைப்பார். கூலியை ஆடும் முன்பே பேசி முடித்துவிடு. ஒன்றிலிருந்து இருபதுவரை இந்தியில் எண்ணக் கற்றுக்கொள், பாதிப் பேச்சு அதிலேயே ஓடிவிடும். கிரீனில் அவர் சொல்லும் லைன் உனக்குத் தப்பாகத் தெரிந்தாலும் முதல் நாள் அதன்படியே அடித்துப் பார். கேடியாக இருந்து ஆட்டக்காரரான சி. முனியப்பா 2009இல் இந்தியன் ஓப்பனையே ஜெயித்திருக்கிறார். பை தூக்குகிறவருக்கு ஆட்டம் தெரியாது என்று நினைத்துவிடாதே.

சுற்று முடிந்ததும் ஸ்கோரிங் அறையில் உட்கார்ந்து, மார்க்கர், அதாவது உன் ஸ்கோரைக் குறிப்பவர், எழுதியதை ஒவ்வொரு குழியாகச் சரிபார்த்த பிறகே கையெழுத்துப் போடு. எடுத்ததைவிடக் குறைத்து எழுதியிருந்தால் நீக்கம், கூட்டி எழுதியிருந்தால் அதுதான் உன் ஸ்கோர். 1968 மாஸ்டர்ஸ் போட்டியில் அர்ஜென்டினா ஆட்டக்காரர் ராபர்ட்டோ டி விசென்சோ 17வது குழியில் 3 எடுத்தார். மார்க்கர் 4 என்று எழுதியதைக் கவனிக்காமல் கையெழுத்துப் போட்டார். சமநிலையை முறிக்கும் பிளேஆஃப் ஆட வேண்டியவர் ஒரு ஸ்ட்ரோக்கில் தோற்றுப்போனார்.

பணம். 36 குழி முடிந்ததும் கட். முதல் 50 இடமும், அந்த ஐம்பதாவது ஸ்கோரில் நிற்பவர்களும் உள்ளே, மற்றவர்களுக்கு ஒரு ரூபாய்கூடக் கிடையாது. 1 கோடி பரிசுப் போட்டியில் ஜெயித்தவருக்கு 15 லட்சம் என்று பேப்பரில் படித்துவிட்டுக் கிளம்பாதே. ரயில், அறை, நுழைவுக் கட்டணம், கேடி, சாப்பாடு என்று நாலு வாரச் செலவு கையில் இருந்தால் மட்டும் புறப்படு. இல்லாவிட்டால் இரண்டாம் நாள் மதியம் ஒவ்வொரு கொடியையும் துரத்துவாய், பந்து குளத்தில்தான் போய் விழும். நாங்கள் மூன்று பேர் ஓர் அறையில் தங்கினோம், மூன்று கோல்ஃப் பை போக நடக்க இடமில்லை. நான் முதல்முதலாக வாங்கிய பரிசுப் பணம் அந்த வாரச் செலவுக்கே சரியாகப் போயிற்று. மிச்சத்தில் மூன்று பேரும் பிரியாணி சாப்பிட்டோம்.

கட் தவறினால் அன்று ராத்திரியே ரயில் ஏறாதே. ஒரு நாள் இருந்து, முன்னணியில் இருப்பவர் பின்னால் நட. கொல்கத்தாவில் நான் அப்படித்தான் போனேன். ஒரு பெரிய ஆட்டக்காரரின் பந்து மரத்தடியில் கிடந்தது. கிளைகளுக்கு நடுவே கிரீன் தெரிந்தது, இடைவெளியும் இருந்தது. அவர் ஒரு பார்வை பார்த்துவிட்டு, வெட்ஜால் பக்கவாட்டில் ஃபேர்வேக்குத் தட்டிவிட்டார். அந்தக் குழியில் அவருக்குப் போகி, பாரைவிட ஒன்றே ஒன்று அதிகம். முதல் நாள் அதே மரத்தடியில் நான் அந்த இடைவெளி வழியாக அடித்துப் பார்த்து, ஏழு எழுதியிருந்தேன்.